விவாகமாகாத தகப்பனும் பிள்ளைப் பாத்தியதையும்



விவாகம் செய்துகொள்ளாமல் கூடி வாழ்ந்து பிள்ளை பெற்ற ஒருவனுக்கு, அப்பிள்ளையினிடம் என்ன பாத்தியதை என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். இங்கிலீஷ்காரரின் பழைய சட்டப்படி அந்தப் பிள்ளை "யாருடைய பிள்ளையுமல்ல". பெற்றவள் எதிரில் நிற்கிறாள். பெற்றவன் பக்கத்தில் நிற்கிறான். சட்டம் மாத்திரம் கண்ணை மூடிக்கொண்டு யாருமில்லை என்கிறது! பாதிரி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே தகப்பன் முளைத்துவிடுவானாம். நாம் சிரிப்பதற்கும் இடமில்லை. புரோகிதரில்லாத விவாகம் செல்லாதென்று 1953-ல் சென்னை ஹைக்கோர்ட்டு சொல்லி, 1967-ல் தனிச் சட்டம் செய்த பிறகல்லவா நம்மவர் விவாகங்கள் செல்லுபடியாயின?

ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். பத்து வருஷத்துக்கு மேல் விவாகமின்றிக் கூடி வாழ்ந்து, மூன்று பிள்ளைகள் பெற்ற இருவர் 2008-ல் அயர்லாந்தில் குடியேறினார்கள். மனஸ்தாபம் வந்தது. அவன் கொடுமை செய்தான் என்பது அந்த அம்மாளின் கட்சி. பெண்கள் காப்பகத்தில் போய்த் தங்கினாள். 2009 ஜூலை 25-ந் தேதி பிள்ளைகளோடு விமானமேறி இங்கிலாந்து சேர்ந்துவிட்டாள். பத்து நாளைக்கு முன்பே அவனுடைய வக்கீல் மனுத் தயார் செய்திருந்தும் அது அவளிடம் சேர்ப்பிக்கப்படவில்லை. 1980-ம் வருஷத்து ஹேக் ஒப்பந்தப்படி பிள்ளையைத் திருப்பிக் கேட்பவனுக்கு, கொண்டுபோன அன்றைக்கே காவல் பாத்தியதை இருந்திருக்க வேண்டும். விவாகமாகாத தகப்பனுக்கு அயர்லாந்துச் சட்டம் அதைத் தானாகக் கொடுக்கவில்லை. கோர்ட்டு உத்தரவு வேண்டும். அப்படியிருப்பதில் குற்றமில்லையென்று ஐரோப்பிய நீதிமன்றமும் 2010 அக்டோபர் 5-ல் சொல்லிவிட்டது. பத்து வருஷக் குடித்தனம் ஒரு காகிதத்துக்கு ஈடாகவில்லை!

உடனே சிலர், "அப்படியானால் பெண் அடிபட்டுக்கொண்டே கிடக்க வேண்டியதுதானா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிள்ளை ஆண்பிள்ளையின் சொத்தல்ல. திருப்பியனுப்பினால் பிள்ளைக்குப் பெரிய அபாயம் என்று கண்டால் கோர்ட்டு மறுக்கலாம் என்று அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அதை விசாரித்தல்லவா சொல்ல வேண்டும்? விவாகமில்லை என்பதற்காக விசாரணையே இல்லை என்பது தாய்க்குப் பாதுகாப்பா, சட்டத்துக்குச் சோம்பலா?

பிறகு அயர்லாந்திலும் சட்டம் மாறிற்று. 2016 முதல், தாயோடு 12 மாதமும், அதில் பிள்ளை பிறந்த பின் 3 மாதமாவதும் கூடி வாழ்ந்தவன் தானாகவே கார்டியன் ஆகிறான். இங்கிலாந்தில் 2003 டிசம்பர் 1 முதல், தாயோடு சேர்ந்து பிறப்புப் பதிவில் தன் பெயரைப் பதிந்த தகப்பனுக்குப் பொறுப்புரிமை உண்டு. பதியாதவன் தாயின் சம்மதத்தோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்; அல்லது கோர்ட்டு உத்தரவு பெறலாம். அந்த உரிமை கிடைத்தபின், அவன் சம்மதமின்றிப் பிள்ளையை நாடு கடத்துவது 1984-ம் வருஷச் சட்டப்படி சாதாரணமாகக் குற்றமாகும். சந்தேகம் தட்டினால் தடையுத்தரவு கேட்கலாம். இன்றோ நாளையோ கொண்டுபோய்விடுவார்கள் என்றால் போலீசார் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் எச்சரிக்கை அனுப்புவார்கள்.

அங்கே குடியேறியுள்ள நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தியா அந்த ஹேக் ஒப்பந்தத்தில் சேரவில்லை. பிள்ளை சென்னையில் வந்திறங்கிவிட்டால் அதைக் காட்டித் திருப்பிக் கேட்க முடியாது. இங்குள்ள ஹைக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டு, பிள்ளையின் நலம் எதுவென்று முதலிலிருந்து வழக்காட வேண்டியதுதான்.