இரு கண்ணும் ஒரு பார்வையும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

மண்டி மொஹல்லாவில் வாழும் தமிழன்பர்களே!

‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்பது நாம் ஊரிலிருந்து உடன் கொண்டுவந்த நம்பிக்கைகளுள் ஒன்று. இங்குள்ள கன்னட அன்பர்கள் அதனை ‘மெள்ளெகண்ணு’ என்பர். பெயர் எதுவாயினும், அதிர்ஷ்டமென்று வாளாவிருந்தால் குழந்தை இழப்பது யாது என்பதே என் பேச்சின் பொருள்.

இதனை ஆராயும் கலைக்கு ஆர்தாப்டிக்ஸ் என்று பெயர். ‘நேராகக் காணல்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் கருத்து. இங்கிலாந்தில் இக்கலையை முதன்முதல் தொழிலாக மேற்கொண்டவர் மேரி மேடாக்ஸ் அம்மையார். இதனைப் பயிலும் மாணவர் முதன்மையாகக் கற்பவை மூன்று.

முதலாவது, இருகண் பார்வை. கண்கள் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளமையால், அவை காணும் காட்சிகள் சிறிதே வேறுபடும். மூளை அவ்விரண்டையும் ஒன்றாக்கி, அவ்வேறுபாட்டினின்றே ஆழத்தை அறிகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இரண்டாவது, கண்ணசைவு. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. பன்னிரண்டும் ஒத்திசைந்தாலன்றி இரு கண்ணும் ஒரு பொருளில் நிலைபெறா.

மூன்றாவது, ஒளிவிலகல். தூரப்பார்வை மிகுந்த குழந்தை, காட்சியைத் தெளிவாக்கக் கண்வில்லையை ஓயாது குவிக்கிறது. வில்லை குவியுந்தோறும் கண்கள் உட்புறம் திரும்புதல் இயற்கை. அம்முயற்சி மிகுந்தால் ஒரு கண் மூக்கை நோக்கி ஒதுங்கிவிடும். இத்தகைய மாறுகண், தக்க கண்ணாடி அணிந்த அளவிலேயே பெரும்பாலும் நேராகும்.

கண் விலகினால் வளர்ந்தவர்க்குப் பொருள் இரண்டாகத் தோன்றும். குழந்தையின் மூளையோ விலகிய கண்ணின் காட்சியைத் தள்ளிவிடும். ஆதலால் குழந்தை முறையிடாது, பெற்றோரும் அறியார். தள்ளுண்ட கண் நாளடைவில் மங்கும். இதனைச் சோம்பற்கண் என்பர். மருத்துவர் சொற்படி நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தால், மங்கிய கண் மீண்டும் பார்க்கப் பழகும். ஏழு வயதிற்குள் தொடங்கினால் பயன் மிகுதி, பின்னர்க் குறையும். அறுவை மருத்துவம் வளர்ந்தபின்னும் கண்ணை நேராக்கும். ஆயினும் மங்கிய பார்வையை அது மீட்டுத் தாராது.

தாய்மார்களே! நான்கு திங்கள் கடந்த பின்னும் குழந்தையின் கண் விலகி நின்றால் காத்திராதீர். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் குழந்தை கையைத் தட்டி அழுமாயின், மற்றக் கண் மங்கியிருக்கக்கூடும். கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. ‘பெண் குழந்தைக்குக் கண்ணாடியா?’ என்று தயங்குவோர், கண்ணாடியைப் பின்னர்க் கழற்றலாம், போன பார்வையைத் திரும்பப் பெறுதல் அரிது என்பதை எண்ணுக.

நம் இளைஞர்க்கும் ஒரு சொல்: சென்னையில் 1985-இல் தொடங்கப்பெற்ற எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி போன்ற இடங்களில் இக்கலையைப் பயிலலாம். நம் பிள்ளைகளுள் சிலர் அதனைக் கற்று, தமிழ்க் குழந்தைக்கும் கன்னடக் குழந்தைக்கும் ஒருங்கே தொண்டாற்ற முன்வருக என வேண்டி அமைகிறேன்.