பாம்புக்கடியும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டும்

(திருப்பனந்தாளில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, மருத்துவத்தைப் பத்திப் பேசச் சொன்னீங்க. நான் பாம்புக்கடியிலிருந்து தொடங்குகிறேன்.

மடத்து நிலமோ மிராசு நிலமோ, நடவுக்கு வெறுங்காலோடு இறங்குவது நம்ம பெண்கள். கூரை வீட்டில் தரையில் படுப்பதும் நாம்தான். கட்டுவிரியன் ராத்திரியில அங்கதான் கடிக்கும். பெரிசா வலிக்காது, வீங்காது. விடியறதுக்குள்ள இமை சரியும், மூச்சு முட்டும். கண்ணாடி விரியன் வேற மாதிரி: ரத்தம் உறையாது, சிறுநீரகம் பழுதாகும். ஒன்றுக்குச் செயற்கைச் சுவாசம், இன்னொன்றுக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம்.

30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அதற்கு மேலே கும்பகோணம் ஆஸ்பத்திரி, அதற்கும் மேலே 1959இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரி. இந்தப் படிக்கட்டில் ஏறுவதற்குள் எத்தனை உயிர் போகும்? கீழ்ப்படியிலேயே செய்யக்கூடியது உண்டு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைக்கணும். உறையலன்னா ரத்தத்தில் விஷம். (உறைந்தால் தப்பித்தோம் என்றில்லை, கட்டுவிரியன் கடிக்கு ரத்தம் உறையும்.) நச்சுமுறி மருந்தை அங்கேயே ஏற்றத் தொடங்கி 108இல் அனுப்பலாம்.

அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர் யார்? 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்கள் எடுத்த விஷம் குதிரை உடம்பில் ஏறித்தான் மருந்தாகிறது.

2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை, கட்டாயம் தகவல் தர வேண்டிய நோயாக அறிவித்தது. வங்கியில் நானும் ஏடு எழுதுகிறவன்தான். ஏட்டில் ஏறாத காசுக்கு அங்கே கணக்கு கிடையாது. நம்ம தெருவுல கடிபட்டவங்க கணக்குல ஏறியிருக்காங்களான்னு சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க. மருந்து எத்தனை குப்பி இருப்புன்னும் கேளுங்க.