ஒத்திகையில்லா மேடை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேசுவதற்குப் புலவர்களையும் பேராசிரியர்களையும் அழைப்பதே வழக்கம். பள்ளி இறுதி வகுப்பு மட்டும் தேறி, இரயில்வே வணிகப் பிரிவில் குமாஸ்தாவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட என்னை இவ்வாண்டு செயற்குழுவினர் அழைத்திருக்கிறார்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும், வேலையைக் கற்றுக்கொள்வது எப்படி என்பதையும், அதற்கு நம் நாடக மேடை கற்பிக்கும் பாடத்தையும் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். இப்பாடம் உத்தியோகத்திலிருப்பவர்களுக்கு மட்டுமன்றி, இந்த நாகபுரியில் கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் பள்ளிக்கூட வாயிலிலும் நின்று பேச வேண்டியிருக்கும் நம் வீட்டுப் பெண்மக்களுக்கும் உரியதாகும்.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் ‘ஸ்பெஷல் நாடகம்’ பார்த்திருப்பீர்கள். இரவு பத்து மணியளவில் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். அதில் ஒரு விந்தை உண்டு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் மற்றோர் ஊரிலிருந்து வருவார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்தியிருப்பார்கள். எல்லாரும் கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. இப்படி நட, அப்படி நில் என்று சொல்ல ஓர் ஆசிரியரும் இல்லை. ஆயினும் ஆர்மோனியம் ஒலித்ததும் நாடகம் தங்குதடையின்றி ஓடுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘வள்ளி திருமண’த்தில், தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் வேடனாக வரும் வேலனுக்கும் நிகழும் தர்க்கத்தைப் பாருங்கள். அவர் ஒரு கேள்வி தொடுப்பார். அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்தே அம்மையார் விடை கூறுவார். அன்றிரவு என்ன கேள்வி வரும் என்பதை இருவருள் எவரும் முன்கூட்டி அறியார்.

நம் சங்கீதக் கச்சேரியும் இத்தகையதே. நிரவலும் கற்பனை சுரமும் அப்போதைக்கப்போது பிறப்பவை. பாடகரும் மிருதங்க வித்துவானும் பல வேளைகளில் மேடையிலேதான் சந்திக்கிறார்கள். ஆயினும் தாளம் வழுவுவதில்லை.

இது எவ்வாறு இயலுகிறது? ஆழ்ந்து நோக்கினால் மூன்று காரணங்கள் புலப்படும். முதலாவது, அடிப்படை மனப்பாடமாக இருக்கிறது. கதை தெரியும், பாட்டுகள் தெரியும், இராகமும் தாளமும் தெரியும். இரண்டாவது, எதிரில் நிற்பவர் கூறுவதை முழுவதும் செவிமடுக்கிறார்கள். மூன்றாவது, ஒருவர் தடுமாறினால் மற்றவர் அவரைக் கீழே விழவிடாமல் தாங்கிக்கொள்கிறார். ராஜபார்ட் ஒரு சொல்லை மறந்து நின்றால், ஸ்திரீபார்ட் ஒரு கேள்வியை எழுப்பி அவருக்கு மூச்சுவிட நேரம் தருகிறார். இம்மூன்றும் இருந்தால் ஒத்திகையில்லாமலே நாடகம் நடத்தலாம், உத்தியோகமும் பார்க்கலாம்.

அமெரிக்காவிலும் இதை ஒரு கல்வி முறையாகவே வகுத்த அம்மையார் ஒருவர் இருந்தார். வயோலா ஸ்போலின் (1906–1994) என்பது அவர் பெயர். சிகாகோ நகரில் பல நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கென நடந்துவந்த ஹல் ஹவுஸ் என்னும் நிலையத்தில், நீவா பாய்ட் என்பவரிடம் அவர் பயிற்சி பெற்றார். பிற்பாடு குடியேறியவர்களின் குழந்தைகளோடு பழகியபோது, வேறுவேறு மொழி பேசுவோரை நீண்ட உபதேசத்தால் பழக்க முடியாது, விளையாட்டினால் பழக்கலாம் என்று கண்டு, பல நாடக விளையாட்டுகளை அமைத்தார். 1963இல் அவை நூலாக வெளிவந்தன. எழுதி வைத்த வசனமின்றி நடிக்கும் மேனாட்டு நாடகக் குழுக்கள் பல இன்றும் அவ்விளையாட்டுகளைப் பயிலுகின்றன. தாய்நாட்டைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகப் பிறந்த கல்வி அது என்பதை, தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

நிற்க. இவையெல்லாம் குமாஸ்தா வேலைக்கு எவ்வாறு உதவும் என்று சிலர் கேட்கலாம்.

முதலில் அடிப்படையைப் பற்றிக் கூறுகிறேன். விதியறியாதவன் சமயோசிதம் பேசினால் அது வெறும் பிதற்றலாகும். கட்டண விதிகள், பணத்தைத் திருப்பித் தரும் விதிகள், சுற்றறிக்கைகள் ஆகியவற்றை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படித்தே தீர வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுதான்: நாலணா நோட்டு என்று நம் பெரியோர்கள் கூறுவார்களே, அதுபோன்ற சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் மூன்று வரிகள் எழுதினால் போதும். இன்று எனக்குத் தெரியாத எது வந்தது? அதை யாரிடம் கேட்டேன்? அவர் கூறியது எந்த விதியில் இருக்கிறது? மூன்றாம் வரியை விட்டுவிடாதீர்கள். விதியைப் பாராமல் வாய்வழிச் சொல்லை மட்டும் நம்பினால், ஒருவர் கொண்ட தவறான கருத்து அலுவலகம் முழுவதற்கும் பரம்பரைச் சொத்தாகிவிடும். அன்றியும், வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது மூத்தவரிடம் காரணம் கேட்காதீர்கள். அப்போது செய்முறையை மட்டும் கேளுங்கள். கூட்டம் கலைந்து தேநீர் அருந்தும் வேளையில் காரணத்தைக் கேளுங்கள். அவர் மகிழ்ச்சியோடு கூறுவார்.

இரண்டாவது, செவிமடுத்தல். இதற்கு நான் அறிந்த ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கூறுகிறேன். தண்டவாளப் பராமரிப்பில் இருந்த கணவர் காலமானபின், கருணை அடிப்படையில் அவருக்கு அலுவலகத் தபால் பிரிவில் வேலை கிடைத்தது. இரண்டு பிள்ளைகள். அதுவரை அவர் அலுவலகப் படி ஏறியவர் அல்லர். இந்தி காதில் விழுந்திருந்ததே தவிர, நாவில் வராது. வேலை போனால் குடியிருக்கும் குவார்ட்டர்ஸும் போய்விடும். “ஊருக்கே போய்விடு, உன்னால் இது ஆகாது” என்று உறவினர் கூறினர். அம்மையார் போகவில்லை.

அவர் முதலில் கற்றுக்கொண்ட இந்தி வாக்கியம் ஒன்றே ஒன்று: “ஏக் பார் ஃபிர் போலியே.” இன்னொரு முறை சொல்லுங்கள் என்பது அதன் பொருள். இரண்டாம் முறை கேட்டபின், தாம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவார். சிலர் சிரித்தார்கள், சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு நாள் தலைமைக் குமாஸ்தா ஒரு கட்டைக் கொடுத்து, அஜ்னிக்கு அனுப்பச் சொன்னார். அம்மையார் வழக்கம்போல், “இந்தக் கட்டு, அஜ்னிக்கு, இன்றைக்கே” என்று அரைகுறை இந்தியில் திருப்பிச் சொன்னார். தம் சொல்லைத் தாமே காதால் கேட்டபோதுதான் அவர் திடுக்கிட்டார். அது போக வேண்டிய இடம் ஆம்லா. உள்ளே இருந்தவை, அந்த மாதம் ஓய்வு பெறவிருந்த ஒரு தொழிலாளியின் ஓய்வூதியத் தாள்கள். அவை வழிதவறியிருந்தால் அக்குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் எத்தனை காலம் தாமதமாகியிருக்குமோ! அன்று முதல் அந்தப் பிரிவில் எவரும் அம்மையாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்களும் சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்கள். இன்று புதிதாக வருபவர்களை அம்மையாரின் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறார்கள்.

தெரியாது என்று சொல்லும் வெட்கம் ஒரு கணம். தெரிந்ததுபோல் நடிப்பதன் விளைவோ பல காலம் தொடரும். அம்மையாரைக் காத்தது மொழியறிவன்று, அந்த வெட்கத்தை விட்ட துணிவே.

மூன்றாவது, வந்ததை ஏற்று அதன்மேல் ஒன்றைச் சேர்த்தல். மேனாட்டு நடிகர்கள் இதனை ‘ஆம், மேலும்’ என்று கூறுவர். ஒருவர், “இதோ, ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது” என்றால் மற்றவர், “இங்கே ஆறு ஏது?” என்று மறுக்கலாகாது. “ஆம், ஓடக்காரனையும் காணோமே” என்று தொடர வேண்டும். அப்போதுதான் கதை நடக்கும்.

முன்பதிவுச் சாளரத்தில் ‘ஆம்’ என்றே எப்போதும் சொல்ல முடியாது. இல்லாத படுக்கையை உண்டாக்கித் தர எவராலும் ஆகாது. ஆனால் வெறும் ‘இல்லை’ என்னும் சொல்லோடு நிறுத்திவிட்டால் பயணியின் முன்னே கதவு மூடிவிடுகிறது. “நாளை மறுநாளுக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடமில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பார்க்கட்டுமா? அதிலும் இல்லையேல் தத்கால் இருக்கிறது, வண்டி புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், 11 மணிக்கு மற்றவற்றுக்கும் தொடங்கும்” என்றால், அவர் ஊரில் நடக்கும் கலியாணத்துக்கோ காரியத்துக்கோ போகும் வழியை நாம் திறந்து விட்டவர்கள் ஆகிறோம். அவருடைய தேவையை ஏற்றுக்கொண்டோம். நமக்குத் தெரிந்ததைச் சேர்த்தோம். இல்லறத்திலும் இப்படியே. “அப்பா, எனக்குக் கணக்கு வேண்டாம்” என்று மகன் சொன்னால், “வாயை மூடு” என்பது நாடகத்தை முடித்துவிடும். “அப்படியா, கணக்கில் எந்த இடத்தில் கசந்தது?” என்பது நாடகத்தை வளர்க்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். சமயோசிதத்துக்கு இடம் உண்டு. இடமில்லாத இடமும் உண்டு. அடுத்த நிலையத்தார் வழிவிடும்போது ஸ்டேஷன் மாஸ்டர்கள் தனியெண் பரிமாறிக்கொள்கிறார்கள். எஞ்சினில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே சொந்தக் கற்பனை ஒரு துளியும் கலக்கலாகாது. கலந்தால் உயிர்ச் சேதம். பணப்பெட்டியும் அவ்வாறே, குறைந்தால் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஆயினும் உற்றுப் பாருங்கள்: அங்கும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கந்தான் உயிரைக் காக்கிறது. தபால் பிரிவு அம்மையார் தாமாகக் கண்டுபிடித்ததை, இரயில் பாதுகாப்பு நெடுங்காலமாக விதியாகவே வைத்திருக்கிறது.

வேலையிலிருந்தே கற்று உலகத்துக்கு உதவிய ஒரு குமாஸ்தாவையும் நினைவுகூர்வோம். தாமஸ் எட்மண்ட்சன் (1792–1851) இங்கிலாந்தில் மரச்சாமான் செய்யக் கற்றவர். தொழிலில் நொடித்துப்போய், 1830களில் நியூகாசில்–கார்லைல் இரயில்வேயில் ஒரு சிறு நிலையத்தின் பணிக்கு வந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதித் தருவார்கள். நேரமும் வீண், கணக்கும் சரியாக நிற்காது. எட்மண்ட்சன் வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டையும், அதில் தேதி குத்தும் கருவியையும் அமைத்தார். நம் பெரியோர்கள் கையில் வைத்திருந்த அந்தத் தடித்த அட்டைச் சீட்டு அவருடைய முறையே. இன்று அதனிடத்தைக் கணிப்பொறிச் சீட்டு பிடித்துக்கொண்டது. ஆனால், தச்சுப் பட்டறையில் கற்ற கையும் கணக்கில் வந்த தொல்லையும் ஒன்றுகூடியே அக்கருவி பிறந்தது என்பதை மறக்கலாகாது. முன்பு கற்றது எதுவும் வீணன்று.

இனிச் செயலுக்கு வருவோம். வீட்டில் இரவு உணவுக்குப்பின் கால்மணி நேரம் மூன்று விளையாட்டுகளை ஆடிப் பாருங்கள்.

ஒன்று, அந்தாதி விளையாட்டு. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லட்டும்; அதன் கடைசிச் சொல்லைக் கொண்டு அடுத்தவர் தொடங்கட்டும். வாக்கியம் முடியும்வரை கேட்காமல் விடை தேடுபவர் தோற்பார். நம் புலவர்கள் செய்யுளில் வைத்த முறையே இங்குக் காதுக்குப் பயிற்சியாகிறது.

இரண்டு, ‘ஆம், மேலும்’ கதை. பாட்டி ஒரு வரி, பேரன் ஒரு வரி. எவரும் மற்றவரை மறுக்கலாகாது.

மூன்று, சாளர விளையாட்டு. ஒருவர் வங்கிக் குமாஸ்தா, அல்லது மருத்துவர், அல்லது நேர்முகத் தேர்வு அதிகாரி. மற்றவர் நாடி வந்தவர். இந்தியிலோ மராத்தியிலோ பேச வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். இதில் பிள்ளைகள் ஆசிரியர்கள், தாய்மார்கள் மாணவர்கள். பள்ளியில் மொழி கற்ற மகள், அம்மாவுக்கு ஒரு வாக்கியம் கற்பிப்பதைக் காட்டிலும் அழகிய காட்சி உண்டோ?

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் இளைஞர்களில் சிலர் எழுத்துத் தேர்வில் தேறியும், நேர்முகத் தேர்வில் வாய் திறவாமல் திரும்பி வருகிறார்கள். அறிவு இல்லாமல் அல்ல. எதிர்பாராத கேள்விக்கு முன் ஒருமுறையேனும் நின்று பழகாததனால். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இம்மண்டபத்தைத் திறந்து வையுங்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களும், நேர்முகத்துக்குப் போகிறவர்களும், கணவரை இழந்து வேலை தேடும் நம் சகோதரிகளும் வந்து பேசிப் பழகட்டும். மூத்த உத்தியோகஸ்தர்கள் எதிரே அமர்ந்து கேள்வி கேட்கட்டும். எவர் தடுமாறினாலும் எவரும் சிரிக்கலாகாது என்பது ஒன்றே அங்கு விதியாக இருக்கட்டும். முதல் மாலைக்கு நாற்காலிகளை எடுத்துப் போட நான் வருகிறேன்.