எழுத்தெண்ணிக்கையும் கணிப்பொறியும்



தொழில்நுட்ப மாநாட்டில் கவிஞர்க்கு என்ன வேலை என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டில் பேசப்பட்டதோ எழுத்தைப் பற்றியே. அந்நாளில் ஒருவர் கணிப்பொறியில் அடித்த பாட்டு, வேறு எழுத்துரு கொண்ட மற்றொருவர் திரையில் வெறுங் கிறுக்கலாய்த் தோன்றியது.

அவ்வாண்டே அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். ககரத்தை இருமுறை தட்டினால் முதலது தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும் அவ்வாறே ஙகரம் புள்ளி பெறும். இனவெழுத்து அறிந்தார் வகுத்தது அது. நன்னூல் கற்றோர் மகிழலாம்.

குறியீட்டில் அம்மகிழ்ச்சிக்கு இடமில்லை. 1991-இல் வெளியான யூனிகோடு, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதில் அகரமேறிய மெய்யே அடிப்படை; புள்ளி தனிக்குறி. 'தமிழ்' என்னும் சொல் பள்ளிப் பிள்ளைக்கு மூன்றெழுத்து. ஒற்று நீக்கிக் கட்டளைக் கலித்துறைக்கு எண்ணும் புலவர்க்கு இரண்டு. கணிப்பொறிக்கோ ஐந்து குறி!

2010 ஜூனில் தமிழ்நாட்டரசு யூனிகோடையே தரமாக ஏற்று, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 முறையை மாற்றாக அறிவித்தது. உலகம் யூனிகோடு வழியே சென்றுவிட்டது. ஒருமுறை இடம்பெற்ற குறியை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடு அமைப்பின் உறுதி. ஆகவே தமிழெழுத்தை எண்ணும் ஒவ்வொரு செயலிக்கும் இலக்கணத்தைத் தனியே கற்பித்தாக வேண்டும். கற்பிக்கும் யாப்பறிவு பொறியாளரிடத்தன்று, இவ்வவையில் இருக்கிறது. ஒற்று, குற்றியலுகரம், அளபெடை ஆகியவற்றை எவ்வெவ்விடத்து எவ்வாறு எண்ணுவது என்பதை, அடுத்த பட்டறை கூடுமுன் இவ்வட்டத்துக் கவிஞர்கள் எழுதித் தருவார்களாக.