கையில் எழும் தடிப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன் வாசிக்கப்பட்ட வரவு செலவுக் கணக்கில் ‘மருத்துவ உதவி, ஆட்டோ வாடகை’ என்று ஒரு சிறு தொகை இடம்பெற்றிருந்தது. ஒரே குடும்பத்திற்கு நான்கு முறை வாடகை கொடுத்திருக்கிறீர்களே, இரண்டு முறை போதாதா என்று பெரியவர் ஒருவர் வினவினார். நியாயமான கேள்வி. இரண்டு முறைதான் போதும். நான்கு முறை ஆனதற்கான விளக்கமே இன்றைய உரை. அக்குடும்பத்தாரின் இசைவைப் பெற்றும், அவர்கள் இன்னார் என்று அறியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதைச் சொல்கிறோம்.

நமது மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவருக்கு இரண்டு மாதங்களுக்கு மேலாக இருமல் இருந்தது. மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தே காலத்தைக் கடத்தினார். உடல் மெலிந்து, மாலைக் காய்ச்சல் விடாமற்போகவே சளிப் பரிசோதனைக்குச் சென்றார். காசநோய் என்று தெரிந்தது. அன்றே இலவசமாக மருந்து தொடங்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் பூரண நலத்துடன் இருக்கிறார். சிக்கல் அவரால் வந்ததன்று. வீட்டில் இருந்த மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர் வந்து சொன்னபோதுதான் சிக்கல் எழுந்தது. தாயார், மனைவி, மணப்பருவத்து மகள், பள்ளியில் பயிலும் இளைய மகள், மூன்று வயது மகன் ஆகிய ஐவரில் ஒருவரும் செல்லவில்லை. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். ‘ஊசி போட்டால் கை தடிக்குமாம், கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?’ என்பதே அந்தத் தாயின் கவலை.

நாங்கள் இருவர் சென்று பேசினோம். முன்பதிவு வேண்டியதில்லை, காலையில் சென்று புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும், கட்டணமும் இல்லை என்று எடுத்துச் சொல்லி ஆட்டோவில் அழைத்துச் சென்றோம். மூன்று வயதுக் குழந்தைக்குத் தோல் பரிசோதனையே தேவைப்படவில்லை. வீட்டில் காசநோயாளி இருந்தால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பரிசோதனைக்குக் காத்திராமலே தடுப்பு மருந்து கொடுக்கலாம் என்பது அரசுத் திட்டத்தின் விதி. ஏனெனில் சிறு குழந்தைகளைத்தான் இந்நோய் விரைவாகவும் கடுமையாகவும் தாக்குகிறது. மற்ற நால்வருக்கும் ஊசி போடப்பட்டது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்து வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் ஆட்டோ வந்து நின்றபோது ஏறியவர்கள் இருவரே. பாட்டி, ‘எனக்கு ஒன்றும் தடிக்கவில்லை, நான் எதற்கு வர வேண்டும்?’ என்று இருந்துவிட்டார். மூத்த மகளுக்குக் கை நன்றாகத் தடித்திருந்தது. பாட்டி அதில் சுண்ணாம்பு தடவி, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாதிருக்க அப்பெண்ணை வேறூரில் உள்ள உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிட்டார். மூன்று நாள் கெடு கடந்தது. அவ்விருவருக்கும் போட்ட ஊசி வீணாயிற்று. பின்னொரு நாள் மறு கையில் மீண்டும் ஊசி, மீண்டும் இரண்டு நாள் கழித்து ஒரு பயணம். வாடகை நான்கு முறையானது இவ்வாறுதான்.

இதில் அக்குடும்பத்தாரை மட்டும் குறை சொல்ல நாம் விரும்பவில்லை. இந்த ஊசி எதற்காக, அந்தத் தடிப்பு எதைக் குறிக்கிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே விளங்கும்படி சொல்லாதது எங்கள் குறையும்தான்.

இதனை மாண்டூ பரிசோதனை என்பர். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அறிவித்த ஜெர்மானிய மருத்துவர் இராபர்ட் கோக், 1890இல் அக்கிருமியிலிருந்து ‘டியூபர்குலின்’ என்னும் சாற்றைத் தயாரித்து, அதுவே நோயைத் தீர்க்கும் மருந்து என்று எண்ணினார். மருந்தாக அது தோற்றது. எனினும் கிருமி ஏற்கனவே புகுந்த உடலில் அச்சாற்றைச் செலுத்தினால் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்வினை காட்டுவது தெரியவந்தது. வியன்னாவின் பிர்கே 1907இல் தோலைக் கீறி அச்சாற்றை இட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டே பிரான்சின் சார்லஸ் மாண்டூ, மெல்லிய ஊசியால் தோலுக்குள்ளேயே செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்முறையே வழக்கில் உள்ளது. தோற்றுப்போன மருந்தொன்று நல்லதொரு பரிசோதனையாக நிலைத்தது வியப்பே.

முன்கையின் உட்புறத்தில் 0.1 மில்லி லிட்டர் மருந்தை, ஊசியை ஏறக்குறையத் தோலோடு படுக்கவைத்துச் செலுத்துகிறார்கள். உடனே வெளிறிய கொப்புளம் போன்ற ஒரு புடைப்பு எழும். சிறிது நேரத்தில் அது அடங்கிவிடும். அந்த மருந்தில் உயிருள்ள கிருமி ஏதுமில்லை. சுத்திகரிக்கப்பட்ட புரதம் மட்டுமே உள்ளது. எனவே ஊசியால் நோய் வந்துவிடும் என்ற அச்சம் அடிப்படையற்றது. 48 மணி நேரத்திற்குப் பிறகு, 72 மணி நேரத்திற்குள், பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் தடிப்பின் விளிம்புகளைக் குறித்து, கையின் குறுக்காக மில்லி மீட்டரில் அளக்க வேண்டும். சிவப்பு கணக்கில் வராது, தடிப்பு மட்டுமே கணக்கு. நம்மவர் ஒருவர் முன்பு வேறோரிடத்தில் இப்பரிசோதனை செய்துகொண்டபோது, சிவந்த பரப்பை எல்லாம் அளந்து பெரிய எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு வாரம் உறக்கமின்றித் தவித்தார். பிறகு முறையாகப் பார்த்ததில் அவருக்கு ஒன்றுமில்லை.

ஆகவே ஊசி போட்டுக்கொண்டது பாதி வேலைதான். திரும்பச் சென்று கையைக் காட்டுவதே மறு பாதி. தடிக்கவில்லை என்றாலும் செல்ல வேண்டும். ‘ஒன்றுமில்லை’ என்பதும் அளந்து எழுத வேண்டிய ஒரு முடிவே. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்கிறார்கள் இளைஞர்கள். படத்தில் சிவப்பு தெரியும், தடிப்பு விரலுக்குத்தான் தெரியும்.

இதனால் கிழமை பார்த்துச் செல்வது அவசியமாகிறது. வியாழனன்று ஊசி போட்டால் அளக்கும் நாள் சனி, ஞாயிறில் வந்து விழும். வெள்ளியன்று போட்டால் ஞாயிறு, திங்களில் வந்து விழும். திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாட்களே உகந்தவை.

தாய்மார்கள் வினவிய சில ஐயங்களையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஒளூ செய்யலாமா என்றனர். தாராளமாகச் செய்யலாம், குளிக்கவும் செய்யலாம். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவும் சொறியவும் கூடாது, அவ்வளவே. சுண்ணாம்பு, மஞ்சள், தைலம் எதுவும் தடவ வேண்டாம், துணி கட்டவும் வேண்டாம். அரிப்பு இருக்கும், சில நாட்களில் தானே அடங்கும். நோன்பு நாளில் இந்த ஊசி போட்டுக்கொண்டால் நோன்பு முறியுமா என்ற கேள்வியை இமாம் அவர்களிடம் முன்வைத்தோம். ஊட்டத்திற்காக அல்லாத இத்தகைய ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து என்று விளக்கினார்.

இனி, முடிவைப் பற்றி. நம் நாட்டில் பொதுவாக 10 மில்லி மீட்டரும் அதற்கு மேலும் தடித்தால் கிருமி உடலில் புகுந்திருக்கிறது என்று கொள்கின்றனர். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு 5 மில்லி மீட்டரே போதும். கிருமி புகுந்திருப்பதும் நோய் கண்டிருப்பதும் ஒன்றல்ல. இவ்விடத்தில்தான் நம் மக்கள் தடுமாறுகின்றனர். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இக்கிருமியைச் சுமந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வாழ்நாளில் எப்போதேனும் நோய்வாய்ப்படுகின்றனர். மற்றவர்களிடம் கிருமி உறங்கியே கிடக்கிறது. அவர்களால் எவருக்கும் நோய் பரவாது. எனவே கை தடித்தால் மார்பு எக்ஸ்ரே எடுத்து, இருமல், காய்ச்சல் உண்டா என்று பார்த்து, நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மருந்து தருகிறார்கள். நாள்தோறும் ஆறு மாதம் உண்ணும் முறையும் உண்டு, வாரம் ஒருமுறையாக மூன்று மாதம் உண்ணும் முறையும் உண்டு. எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். தடிக்காததாலேயே ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. மிகவும் மெலிந்தவர்கள், அண்மையில் அம்மை கண்டவர்கள், கிருமி புகுந்து சில வாரங்களே ஆனவர்கள் ஆகியோருக்குக் கிருமி இருந்தும் தடிப்பு எழாமற்போகலாம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் தோல் பரிசோதனை என்ன சொல்லியிருந்தாலும் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

‘சிறு வயதிலேயே தோளில் பி.சி.ஜி. ஊசி போட்டாயிற்றே, எனக்கேன் இது?’ என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை தந்தது நமது பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரியும் முன் நாம் எல்லோரும் இருந்த அதே மாவட்டம். 1968இல் திருவள்ளூர்ப் பகுதியில், உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கப்பட்டது. கிராமம் கிராமமாகச் சென்று, இலட்சக்கணக்கான மக்களின் கையில் இதே டியூபர்குலின் ஊசியைப் போட்டு, மூன்றாம் நாள் மீண்டும் சென்று அளந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு 1979இல் வெளியானபோது உலகமே திகைத்தது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதால் பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது, போடத்தான் வேண்டும். ஆனால் தோளில் உள்ள தழும்பு பெரியவர்களுக்குக் கவசமாகாது. அத்தடுப்பூசியால் குழப்பம் நேராத ‘சை-டிபி’ என்னும் புதிய தோல் ஊசியும் அண்மைக் காலமாக அரசுத் திட்டத்தில் பெரியவர்களுக்குப் பயன்படுகிறது. அதற்கும் அதே இரண்டு, மூன்று நாள் கணக்குதான். 5 மில்லி மீட்டர் தடித்தாலே அதில் கணக்கு.

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் இளைஞர்கள் இந்த ஊசியைக் கண்டு ஒதுங்குவதும் நமக்குத் தெரியும். விசா போய்விடும் என்ற பயம். அங்குள்ள மருத்துவத் தகுதித் தேர்வில் பார்ப்பது மார்பு எக்ஸ்ரேயை. பழைய காசநோயின் தழும்பு நுரையீரலில் இருந்தாலே தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். கையில் தடித்த நிலையிலேயே தடுப்பு மருந்து உண்பவருக்கு அந்தத் தழும்பு வருவதற்கான வாய்ப்பே குறைகிறது. பயந்து ஒதுங்குபவர் எதற்குப் பயந்தாரோ அதையே வரவழைத்துக்கொள்ளக்கூடும்.

நோயாளியின் தட்டு, தம்ளரைத் தனியே வைப்பது, குழந்தையை வேறு ஊருக்கு அனுப்புவது முதலியவை இன்றும் நடக்கின்றன. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களை நெருக்கமான ஏழை வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தது. இரு சாராரின் குடும்பத்தாரையும் தோல் பரிசோதனை, எக்ஸ்ரே எனப் பல ஆண்டுகள் கண்காணித்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் வழக்கொழியக் காரணமான ஆய்வுகளில் இதுவும் ஒன்று. குடும்பத்தாருக்குப் பெரும் ஆபத்து, மருந்து தொடங்குமுன் கழிந்த அந்த இருமல் மாதங்களில்தான். எனவே பரிசோதிக்க வேண்டியது குடும்பத்தாரை, ஒதுக்க வேண்டியதில்லை நோயாளியை.

அந்தக் குடும்பத்திற்கு நமது பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்ததையும் சிலர் கேட்டனர். நோயாளியின் வங்கிக் கணக்கில் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் செலுத்துகிறது. அது நோயாளிக்கு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, அதே சேத்துப்பட்டு நிறுவனத்தின் துணையோடு நடந்த ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பருப்பு மூட்டையும் மருந்துதான் என்று நிர்வாகம் முடிவு செய்ததற்கு அதுவே காரணம்.

அந்தப் பெண்ணின் கையில் இரண்டாம் முறை அளந்தது 14 மில்லி மீட்டர். எக்ஸ்ரேயில் குறை ஏதுமில்லை. தடுப்பு மருந்தை ஒரு வாரமும் தவறாமல் உண்டு முடித்துவிட்டார். பாட்டிக்கும் இளைய மகளுக்கும் தடிப்பு இல்லை. தாயாருக்குச் சிறிதளவே, கணக்கில் வராத அளவு. பேசியிருந்த சம்பந்தம் நிலைக்கவில்லை. காரணம் இதுதானா, வேறா என்று நாம் அறியோம், கேட்கவும் இல்லை. இப்போது வேறோரிடத்தில் பேசி வருகிறார்கள். இம்முறை அத்தாயே முந்திக்கொண்டு, ‘என் மகள் தடுப்பு மருந்து உண்டு முடித்தவள்’ என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம்.

கடந்த இரண்டு ஆண்டுகளில் வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்து, மற்றவர்கள் பரிசோதனை செய்யாதிருப்பின் நேரே சென்று சீட்டு வாங்குங்கள். துணை வேண்டுவோர் செயலாளரிடம் சொன்னால் போதும். பெயரை எந்தப் பதிவேட்டிலும் எழுத மாட்டோம். பெண்களுக்குத் துணையாகப் பெண்களே வருவார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிவாசல் பின்புறத் தெருவிலிருந்து ஆட்டோ புறப்படும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதே ஆட்டோ மீண்டும் வந்து நிற்கும், கை தடித்தவர்களுக்கும் தடிக்காதவர்களுக்கும்.