பழகிய பெயரும் பங்கு வியாபாரமும்



2022 மே மாதம் மத்திய அரசு எல்.ஐ.சி.யில் தனக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றது. ஒரு பங்கின் விலை 949 ரூபாய். பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. பழகிய பெயர் என்ற நம்பிக்கையில் வாங்கியோர் பலர். மே 17 அன்று மும்பைப் பங்குச் சந்தையில் அதன் விலை 867 ரூபாயில் தொடங்கியது. 889 ரூபாய்க்கு வாங்கிய பாலிசிதாரருக்கும் முதல் நாளே நஷ்டம்! 2024இல் விலை 949ஐக் கடந்தது என்பதும் உண்மையே.

சகோதரர்களே! நஷ்டமடைவது பாவமன்று. இலாப நஷ்டத்தில் பங்கேற்பது மார்க்கம் அனுமதித்த வியாபாரமே. ஆனால், பணத்தை ஒப்படைக்குமுன் இரண்டு கேள்விகள் உண்டு.

ஒன்று, இந்தத் தொழில் ஹலாலானதா? வட்டியில் புழங்கும் தொழிலாயின், பங்கின் விலை ஏறினாலும் முஃமினுக்கு அது இலாபமாகாது.

இரண்டு, வாங்குவது இன்னதென்று அறிந்தோமா? நம் அனகாபுத்தூர் நெசவாளர் நூலைத் தொட்டுப் பார்க்காமல் விலை பேசுவாரா? நிச்சயமற்ற வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மகளின் திருமணத்திற்கெனச் சேமித்ததை, அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காகப் போடுவது அமானிதத்தைப் பாழாக்குவதாகும். கடன் வாங்கிப் போடுவது அதனினும் கேடு.

மறுமையில் செல்வத்தைக் குறித்து, எங்கிருந்து ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்று இரண்டும் கேட்கப்படும். அன்று சந்தை நிலவரம் பதிலாகாது.

வல்ல அல்லாஹ் நமக்கு ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.