நிறுவையே சாட்சி



டிரவுட் குளிர்நீர் மீன். சிங்கப்பூரின் இந்தக் குவீன்ஸ்டவுனில் அதைக் காண்பதற்கில்லை. இதே பெயருடைய நகரொன்று நியூசிலாந்தின் தென்தீவில் உண்டு. அத்தீவின் ஓஹாவு கால்வாயில் 2020ஆம் ஆண்டு பிடிபட்ட பழுப்பு டிரவுட், 20.1 கிலோ எடையுடன் உலகச் சாதனையாயிற்று.

பிடித்தவரின் வாய்ச்சொல் மட்டும் சாதனைக்குப் போதாது. பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீனைக் கரையிலேயே நிறுக்க வேண்டும். படகில் நிறுத்தால் செல்லாது. தராசு சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். மீன், தூண்டில், தராசு ஆகியவற்றின் படங்களும் தூண்டில் நூலின் மாதிரியும் அனுப்பப்பட வேண்டும்.

ஒரு மீனுக்கே இத்தனை சோதனையெனில், நம் உழைப்பின் பயனான ரப்பர்ப் பாலுக்கு எத்துணைக் கவனம் வேண்டும்! நிறுக்கும்போது அருகில் நிற்போம். எடையை அன்றே குறித்துக்கொள்வோம். ஐயம் எழுந்தால் தராசின் சோதனை முத்திரையைக் காட்டுமாறு பணிவோடு கேட்போம்.